புதுக் கம்பிகள் போட்ட கிழமை

மனைவியின் தம்பி கத்தாரிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு பெட்டி கிற்றார் கம்பி கொண்டுவந்தான். நல்ல கம்பி. பிரச்சினை அதிலிருந்துதான் தொடங்கியது.

அதற்கு முன் என் கிற்றாரில் கிடந்தது மூன்று வருடப் பழைய கம்பி. அறுந்ததை மட்டும் மாற்றுவேன். மற்றதெல்லாம் பழுப்பு நிறத்தில் துருப்பிடித்து, வாசித்து முடித்தால் விரல் நுனியிலும் துரு ஒட்டியிருக்கும். கடலோரம் இருக்கிற எங்கள் பக்கம் அது புதினம் இல்லை. தில்லையடியில் என் வீட்டுக் கதவின் கீல்கூட ஒழுங்காக இரண்டு வருடம் நிற்பதில்லை. நான் வேலை செய்ததோ உப்பளத்தில், தண்ணீர் இறைக்கும் மோட்டார்களோடு. காலையிலிருந்து மாலைவரை துருவைத் திட்டுவதுதான் என் தொழில் என்று சொன்னாலும் பிழையில்லை.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு கடற்கரைப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்தன. கல்யாணங்களுக்கும் பாட்டுக் குழு கேட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். கீபோர்ட் வாசிப்பவர் கற்பிட்டியில் மீனுக்கு ஐஸ் விற்பவர். மூத்தவர் என்பதால் அவரை நானா என்போம். டிரம்ஸ் சிலாபத்தான், வீட்டில் சிங்களம், எங்களோடு தமிழ். பாடுகிறவன் மேடை நாளில் மட்டும் வருவான். கிற்றார் நான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நானாவின் வீட்டில் பயிற்சி. புதுக் கம்பியோடு போனேன். முதல் பாட்டிலேயே பல் கூசியது. எவர்சில்வர் தட்டைச் சீமெந்துத் தரையில் இழுத்ததுபோல ஒரு கூர்மை. அது போகட்டும், நான் கையை நிறுத்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை. தொடாத கம்பிகள் எல்லாம் தங்கள் பாட்டில் இரைந்துகொண்டிருந்தன. மூன்று முறை தொடங்கினோம். மூன்று முறையும் அதே கதை.

நானா கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"தம்பி, பாட்டு முடிஞ்சிட்டு. ஒன்ட கிற்றாருக்கு அத யாரும் செல்லல்லையா?"

சிலாபத்தான் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை ஞாயிறு பின்னேரம் கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் எங்கள் வாசிப்பைக் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள். பிடித்தால் ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள்தான். நானா கீபோர்டில் ஒரு பட்டனை அமத்தி நான்கு சுரம் வாசித்தார். கிற்றார் சத்தம் வந்தது. சுத்தமான, ஒழுங்கான கிற்றார் சத்தம்.

"ஞாயித்துக்கிழமையும் இப்படி இரைஞ்சா நான் இதை அமத்துவன். நீ பக்கத்துல நில்லு. கோவிக்காத."

பன்னிரண்டு வருடம் வாசித்தவனை ஒரு பட்டனுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்கிறார், பிறகு கோவிக்காதே என்கிறார். நான் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் மோட்டார் பார்க்கிறவன். சத்தம் வந்தால் எங்கோ ஒரு பழுது இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடித்துக் கழற்ற வேண்டும். வேறு விதமாக யோசிக்க எனக்குத் தெரியாது. முதலில் வயரை மாற்றினேன். இரைந்தது. சத்தத்தைக் கூட்டுகிற அம்ப் பெட்டியை இன்னொருவரிடம் இரவல் வாங்கி மாட்டினேன். இரைந்தது. கரண்டில்தான் கோளாறு, வீட்டுக்கு ஒழுங்கான எர்த் இல்லை என்று முடிவெடுத்து, ஓர் இரும்புக் கம்பியைப் பின்பக்கம் ஈர மண்ணில் அடித்து இறக்கி வயரும் இழுத்தேன். மனைவி மீன் கழுவியபடி பார்த்துக்கொண்டிருந்தாள், இது பாட்டுக்கா, வீடு இடிக்கிறதுக்கா என்று கேட்டாள். அதற்குப் பிறகும் இரைந்தது. டவுனில் ரேடியோ திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். திறந்து, உள்ளே எல்லா வயரையும் புதிதாக ஈயம் வைத்து ஒட்டி, ஒரு பழுதும் இல்லை என்று கையில் தந்தார். பழுது இல்லை என்ற சொல்லைப்போல எரிச்சலூட்டும் சொல் வேறில்லை. பழுது இல்லாவிட்டால் பிறகு இது என்ன?

புதன்கிழமை சிலாபத்தான் வீட்டுக்கு வந்தான். நான் கேட்காமலே அம்ப் பெட்டியிலிருந்து வயரை உருவிப் போட்டான். வெறும் கிற்றாரை ஒரு தரம் அடித்து நிறுத்தச் சொன்னான். அடித்து நிறுத்தினேன். சின்னதாக, ஆனால் அதே இரைச்சல். கரண்டே இல்லை. பிறகு அவன் கிற்றார்க் கழுத்தின் நுனியில், முறுக்காணிகளுக்குப் போகிற துண்டுக் கம்பிகளில் ஒரு விரலை வைத்தான். பாதி இரைச்சல் செத்தது. மற்றக் கையை எல்லாக் கம்பிகளுக்கும் மேலே சும்மா வைத்தான். முழுதும் செத்தது.

"மச்சாங், என்ட டிரம் கூடக் கூவினா நான் பிளாஸ்டர் ஒட்டுவன். நீ ஒண்ணும் ஒட்டவும் இல்ல, கைய வைக்கவும் இல்ல. இத்தன வருசம் எப்படி வாசிச்ச?"

எப்படி வாசித்தேன்? எனக்கே விளங்க நேரம் எடுத்தது. மற்ற ஊர்களில் கிற்றார் பழகுகிறவன் ஒரு கம்பியை வாசிக்கும்போதே மற்றக் கம்பிகளை உள்ளங்கையாலும் விரல் பக்கத்தாலும் அமத்தப் பழகுகிறான். நான் பழகவில்லை. பழகத் தேவை வரவில்லை. என் கம்பிகள் போட்ட மாதமே உப்புக் காற்றில் மந்தமாகி, அடித்த உடனே செத்துவிடும். அமத்துகிற வேலையைத் துரு செய்தது. நான் அதை என் கை என்று நினைத்திருந்தேன்.

அவன் போன பிறகு நான் செய்தது முட்டாள்தனம். ஆனால் அந்த நேரம் நியாயமாகத்தான் பட்டது. துருதான் வேண்டுமென்றால் துருவுக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? மிக மோசமாகக் கீச்சிட்டது மெல்லிய முதல் கம்பி. அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுமே, கையை வைத்தால் வெடிப்பெல்லாம் எரியும் கசப்புத் தண்ணீர், அதில் இரண்டு நாள் ஊறப் போட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் என்ன ஊறுகாயா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை எடுத்தபோது அழகாகத் துருப்பிடித்திருந்தது. மாட்டி முறுக்கினேன். பாதிச் சுருதியில் அறுந்து என் புறங்கையைக் கிழித்தது. பெட்டியில் வந்தது ஆறே கம்பி, பழையதை எறிந்துவிட்டேன், வேறு முதல் கம்பி இல்லை.

ஞாயிறு ஐந்து கம்பியோடு போனேன். கிற்றார்க் கழுத்தின் நுனியில் மனைவி கூந்தல் கட்டும் துணி வளையம். சத்தத்தின் கூர்மையைக் குறைக்கிற டோன் குமிழைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டேன். இரண்டு நாள் இருந்து பழகியதில் உள்ளங்கை கம்பிகள்மேல் ஓரளவு நின்றது. கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினார்கள். காற்று அப்படி அடித்தது, எங்கள் ஸ்பீக்கர் பொக்ஸ் எங்களுக்கே ஒழுங்காகக் கேட்கவில்லை.

முதல் இரண்டு பாட்டு என்னுடையது. அது நிச்சயம். கையை வைத்தேன், நின்றது. எடுத்தேன், வந்தது. மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் கை வழுக்கி இரைந்தது. நானா என்னைப் பார்க்காமல் கீபோர்டின்மேல் குனிந்தார். அதற்குப் பிறகு கிற்றார் நன்றாகக் கேட்டது. என் கை நான் சொன்னதைச் செய்ததாலா, அவர் விரல் எங்கே இருந்தது என்பதாலா, எனக்குத் தெரியவில்லை. காற்றில் காதைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். என் கையை நானே பின்தொடர்ந்து போவதுபோல இருந்தது. நான் அடிக்கிற இடத்தில் எல்லாம் சத்தம் வந்தது. அது போதுமா, போதாதா?

முடிந்ததும் ஹோட்டல் மனேஜர் நேராக என்னிடம் வந்து கை தந்தார். கிற்றார் நன்றாக இருந்தது, அடுத்த ஞாயிறும் வாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் நானாவிடம் போனேன். அவர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, அந்த பட்டன அமத்தினீங்களா?"

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"ஒனக்கே தெரியாட்டி என்னத்துக்குக் கேக்கிற?"

இரண்டாம் தரமும் கேட்டேன். வேனில் ஏறு, நேரமாகுது என்றார். கோபம் வந்தது, அவர்மேலா என்மேலா என்று பிரிக்க முடியவில்லை. அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரப் பிடிக்காமல் பின்னால் போய் டிரம் பெட்டியோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். போகாமல் என்ன செய்ய?