நாலாய் மடித்த மாஸ்க்

அலுவலகத்தில் அவருக்குக் கமா சார் என்று பெயர். யார் எழுதிய கடிதமானாலும் ஒரு கமாவாவது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் தட்டச்சில் விரல் வைக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட ஒழுங்கான மனிதர், போட்டுக் கழற்றிய மாஸ்க்கை எங்கே எறிவது என்று தெரியாமல் விழித்தார்.

தெரியாமல் என்ன? மேனேஜரின் கண்ணாடி அறைக்கு எதிரிலேயே சிவப்புத் தொட்டி இருந்தது. 'முகக்கவசங்களை இதில் மட்டுமே போடவும்' என்று அடித்து ஒட்டியவரே கமா சார்தான். ஆனால் அதன் மூடி டமார் என்று விழும். மேனேஜர் தலையைத் தூக்குவார். "என்ன, உடம்பு சரியில்லையா?" போன மாதம் அப்படி மாட்டிக்கொண்ட இரண்டு பேர் லீவில் போனார்கள், திரும்பி வந்தபோது அவர்கள் நாற்காலியில் வேறு ஆள். அதனால் தொட்டி வாங்கிய நாள் மாதிரியே பளபளத்தது.

கமா சாருக்குப் பத்து நாளாக இருமல். ஒரு நாளைக்கு மூன்று மாஸ்க் நனைந்துவிடும். வழியில் எங்கும் குப்பைத்தொட்டி கிடையாது. வீட்டு வாசலில் மனைவி மறித்தாள்: "கைக்குழந்தை இருக்கிற வீடுங்க. அத உள்ள கொண்டுவராதீங்க." இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தார் மனிதர்.

மாடிப்படித் திருப்பத்தில், தீயணைப்புப் பெட்டிக்குப் பின்னால், ஏற்கெனவே ஏழெட்டு கிடந்தன. சுத்தமாக இருந்திருந்தால் அவருக்குக் கை வந்திருக்காது. பத்தோடு பதினொன்று என்று போட்டார். மனசு கேட்காமல், நாலாய் மடித்து, காது நாடாவால் இறுக்கிக் கட்டித்தான் போட்டார்.

துப்புரவு அக்கா ஒரு நாள் அவரிடமே சொன்னாள்: "எல்லாரும் கசக்கி எறியறாங்க தம்பி. ஒரே ஒரு புண்ணியவான் மட்டும் என் கையில எச்சில் படாம கட்டிப் போடறாரு. யாருன்னு தெரிஞ்சா கும்பிடுவேன்." கமா சார் எதையோ தேடுவது போல மேசையைக் குடைந்தார்.

மறுவாரம் மேனேஜர் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். படிக்கட்டைச் சுத்தமாக வைக்கத் தவறியதால், துப்புரவு அக்காவுக்கு இன்றோடு வேலை இல்லை. 'நானும்தான் போட்டேன்' என்று சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்து அடித்தார். ஒரு கமாகூடத் தவறவில்லை. வெட்கக்கேடு.

அக்கா கையெழுத்துப் போட வந்தாள். குனிந்தவள் கண்ணில் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பொட்டலம் பட்டது. நாலாய் மடித்து, நாடாவால் கட்டியது.

கையெழுத்தைப் போட்டு நிமிர்ந்தாள். பிறகு கண்ணாடி அறைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கதானா தம்பி? சரி. நாளைக்கு வர்றவளுக்கும் இப்படியே கட்டிப் போடுங்க."