“அப்படி யாரும் இங்க இல்லீங்க”

என் கணவர் குவைத்தில் டிரைவர். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அங்கேயே விண்ணப்பித்தபோது, மரக்காணம் உப்பளத்துப் பக்கம் இருந்த பழைய வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டார். நாங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வீடு மாறியதைச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ் பழைய தெருவுக்குப் போயிருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டுத் தேவகி எங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவள். “உன் வூட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கேட்டாங்கக்கா. எதுக்கு வம்புன்னு, அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள், பெருமையாக.

பாஸ்போர்ட் நின்றுபோனது. அதனால் விசா முடிந்து வேலையும் போயிற்று. ஊருக்கு வரவும் கையில் பாஸ்போர்ட் இல்லை. புது முகவரியில் மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு கொடுத்து ஐந்து மாதமாகிறது.

இப்போது புது வீட்டுக் கதவில் அவர் பெயரை எழுதி மாட்டியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் அவர் போட்டோவைக் காட்டியிருக்கிறேன். பகலில் வீட்டைப் பூட்டுவதே இல்லை. இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை.