பதினோரு மணித் தண்ணீர்

போன மாதம் எதிர்வீட்டுக் கலா ஒரு வெள்ளைத்தாளோடு வந்து நின்றாள்.

"சார், ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்கதான் பத்திரிகைல எழுதுறவராச்சே! நான் படிச்சதில்ல... சொல்லிக்கிறாங்க."

எங்கள் ஊரில் எழுத்தாளனுக்குக் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான். ரேஷன் கார்டு, தெருவிளக்கு, தெருநாய் — எல்லா மனுவும் என் கையால்தான். ஒன்றுக்காவது ஏதாவது நடந்திருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

கலா போன வருஷம் குடிவந்தவள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால், திரும்ப இருட்டிவிடும். புருஷன் லாரி டிரைவர். வீட்டைவிட ஹைவேயில் இருப்பதுதான் ஜாஸ்தி.

எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் நான்கு நாளுக்கு ஒருமுறை, பகல் பதினோரு மணிக்கு வரும். பேப்பர் படித்து, இரண்டாவது காபியும் முடிந்திருக்கும் நேரம். எனக்கு ரொம்ப சௌகரியம்.

கலாவின் வீட்டுச் சாவியை வாங்கிவைத்து, இரண்டு தடவை நாங்களே டிரம்மில் பிடித்துவைத்தோம். மூன்றாவது தடவை என் மனைவிக்கு முட்டிவலி. எனக்கு... பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிற வேலை. அதன்பிறகு கலா தண்ணீருக்காக லீவு போட ஆரம்பித்தாள்.

"இன்னொரு லீவு போட்டா வேற ஆளப் போட்டுக்குவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு சார். ஒரே பேஜாரு!"

மனுவோடு நகராட்சி அலுவலகம் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஓர் அம்மையார்.

"தண்ணி வரலையா, கலங்கலா வருதா, பைப் ஒடைஞ்சிருக்கா?"

"நல்லாத்தான் வருது. அந்த நேரத்துல வீட்ல ஆள் இல்ல."

"ஆள் இல்லன்னு போட இதுல எடமே இல்லியே சார்."

'வரவில்லை' என்று போட்டார்.

அடுத்து தண்ணீர் வந்த நாளில், சரியாகப் பதினோரு மணிக்கு, விசாரிக்க ஒருவர் வந்தார். என் வீட்டுக் குழாயைப் போட்டோ எடுத்தார். கலா வீட்டுப் பூட்டையும் எடுத்தார். மதியம் அவள் போனுக்குத் தகவல் போனது: 'தண்ணீர் வருகிறது. புகார்தாரர் வீட்டில் இல்லை. புகார் தீர்க்கப்பட்டது.'

"நானும் அதத்தானே சார் சொன்னேன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே போய், வால்வு திறந்துவிடும் முனுசாமியைத் தெருமுனையில் பிடித்தேன். "காலைல ஆறு மணிக்கே திறந்தா என்னய்யா?"

"எனக்கு இன்னா சார் வந்துச்சு? மின்ன ஆறு மணிக்குத்தான் உட்டுனு இருந்தேன். உங்க தெருவுலேர்ந்து எவரோ மனு குடுத்துட்டாரு, தூக்கம் கெடுதுன்னு. ஆபீஸ்ல கூப்ட்டு என்னை செம டோஸ். அதுலேர்ந்து பதினோரு மணி."

எவன் அந்த மகானுபாவன்? மறுபடி அலுவலகம். அம்மையார் பழைய ஃபைலைத் தேடி எடுத்துப் பிரித்தார்.

'விடியற்காலை உறக்கம் முதியோரின் அடிப்படை உரிமை' என்று ஆரம்பித்தது மனு. இப்படி எழுதக்கூடிய ஆள் எங்கள் தெருவில் ஒருவன்தான். கீழே கையெழுத்தும் என்னுடையதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் எழுதியது, சுத்தமாக மறந்துபோய்விட்டேன். நடக்கும் என்று நம்பியிருந்தால்தானே ஞாபகம் வைத்துக்கொள்ள? தண்ணீர் நேரம் மாறியபோது, ஏதோ என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது.

"நேரத்தை மாத்தணும்னா, இந்த மனு குடுத்தவர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும். ஒத்துக்குவாரா சார்?"

"கொஞ்சம் கஷ்டமான ஆள். பேசிப் பாக்கறேன்" என்றேன்.

வெளியே வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரோடு பேசினேன். ஒத்துக்கொண்டார்.

முந்தாநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. தூக்கம் போய் நானும் வாசலில் நின்றேன். கலா இரண்டு டிரம்மையும் நிரப்பிவிட்டு, தலையைப் பின்னிக்கொண்டே ஓடிவந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்! யாரு சார் அந்த மனு குடுத்த ஆளு? என் கையில மட்டும் கெடைச்சாரு..."

நல்லவேளை, பஸ் ஹாரன் அடித்தது.

அவள்தான் என் பத்தியைப் படிப்பதில்லை. படிக்கிற நீங்கள், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.