நவக்கிரகத்தைச் சுற்றிப் படித்த கணக்கு

சனிக்கிழமைச் சாயங்காலம்... நவக்கிரகத்தைச் சுற்றி நல்லெண்ணெய் சிந்திய தரை. காலை அழுத்தி வைத்தால் வழுக்கும். எள் விளக்கின் புகை கண்ணைக் கரிக்கும். மயிலாப்பூரில் அப்போது நாங்கள் குடியிருந்த சந்தின் கோடியில் இருந்த சின்னக் கோயில்.

ஆறாவதோடு நின்ற படிப்பை, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தொடங்கியிருந்தேன். எட்டாவது தனித்தேர்வு. ஒரு தடவை கணக்கில் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுவதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன்.

என்னோடு படித்தவள் மாடி வீட்டுச் செல்வி. தி. நகரில் தையல் கடை வேலை. அவளுக்கும் அதே பரீட்சை.

எனக்கு மைனஸ் மட்டும் ஏறவே இல்லை. ஏழோடு மைனஸ் இரண்டைக் கூட்டு என்றால் ஒன்பது என்று எழுதுவேன். கூட்டு என்றுதானே சொல்கிறார்கள்!

அன்றும் ஏழு சுற்று வலமாக வந்தேன். பிறகு ராகு கேதுவுக்காக இரண்டு சுற்று இடமாக. எங்கள் வீட்டு வழக்கம் அது. தூணருகே நின்ற செல்விக்குச் சிரிப்பு.

"இன்னாக்கா, ரிவர்ஸ் கியர் போட்டுக்கினு போற?"

"சும்மா இருடி. ஒம்பது சுத்து முடிச்சாச்சு."

"எங்க ஒம்பது? பாபின்ல நூல ஏழு சுத்து சுத்திட்டு ரெண்ட அவுத்தா இன்னா மிஞ்சும்? அஞ்சுதான?"

"அப்போ என் கால் நடந்தது?"

"எந்தப் பக்கம் போறன்னு காலுக்கு இன்னா தெரியும்? அது ஒம்பதுக்கும் வலிக்கும்!"

அப்படியே நின்றுவிட்டேன்...

தனி மதிப்பு என்று புத்தகத்தில் போட்டிருந்தது இதைத்தானா! வலமாக இரண்டோ இடமாக இரண்டோ, காலுக்கு இரண்டுதான்; பிளஸ் மைனஸ் பாராத வெறும் எண். ஆனால் கூட்டும்போது திசையையும் பார்க்க வேண்டும். எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றை ஒன்று அவிழ்த்துவிடும். ஏழு வலம், இரண்டு இடம்... நிற்பது ஐந்து.

உடனே ஒரு பயம். "அப்போ எனக்கு அஞ்சு சுத்துப் புண்ணியம்தானாடி?"

"சாமி தனி மதிப்புதான் பாப்பாரு, அக்கா. பயப்படாத!"

அந்த வருஷம் இருவருமே தேறினோம். அப்புறம் பத்தாவதும்.

இன்று செல்வி பெரும்பாக்கத்தில், நான் அடையாறில். அன்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கிழிந்த புத்தகம். இன்று போனைத் தட்டினால் எத்தனையோ பேர் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். நன்றாகவே தருகிறார்கள். கேலி செய்யத்தான் ஆளில்லை.

நேற்று அவளுக்கு போன் போட்டேன். "பிளஸ் டூவும் சேந்து எழுதலாமாடி?"

"புக்கு ரெண்டு செட்டு வாங்கி வெச்சிக்கீறேன்க்கா. நீ எப்ப கேப்பன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."