குரலில்லாத மாமாவிடமிருந்து வந்த போன்

நான் வேதியியல் படித்தவள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் டீ போடுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், பூசை பார்ப்பேன், அது வேறு. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

2010 வாக்கில் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. புற்றுநோய் மருந்து உடம்பெல்லாம் பரவி நல்ல இடத்தையும் கெடுக்கிறது அல்லவா, அதைக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளுக்குள் வைத்து அனுப்பினால் கட்டி இருக்கிற இடத்தில் அதிகமாகப் போய்ச் சேரும் என்பது யோசனை. அந்த உருண்டையை யாரும் கையால் பிடிக்க முடியாது. ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்குப் பிடிக்காது, அந்த மாதிரி மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால் பிடிக்காத முனையை உள்ளே ஒளித்துக்கொண்டு அவையே வட்டமாகக் கூடும், நடுவில் மருந்து மாட்டிக்கொள்ளும். கூட வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கூடவில்லை. மருந்துக்குப் பதிலாக மஞ்சளிலிருந்து எடுத்த ஒரு பொருளை வைத்துப் பழகினேன், அது மாதக்கணக்காக ஒவ்வொரு தடவையும் பொடிப் பொடியாகத் திரிந்துபோனது. வேறு தலைப்பு பாருங்கள் என்று என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான கைடு சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சூசை மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அம்மாவின் தம்பி, ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். அவர் கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான், அப்படி ஒரு குரல். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாக. களியக்காவிளை வழியாக பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் என் உருண்டைகளைப் பற்றிச் சொன்னேன். அவை தானாகவே கூடும் என்றதும் மாமா கண்ணை விரித்துக்கொண்டு, கையால் மீன் கூட்டம் சுற்றுவதுபோல் காட்டினார், அப்படித்தான் மாமா என்றேன். எனக்கு வரமாட்டேன் என்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை.

ஊருக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம். பட்டப்பகல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது. குடுவைக்கு அடியில் காந்தத்தால் சுழற்றிக் கலக்குகிற கருவி ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே பார்த்தால் மறுபடியும் அதே மஞ்சள் பொடி சுற்றிச் சுற்றி வருகிறது. கொட்டிவிடலாம் என்று கையை நீட்டுகிறேன், லேப் போன் அடித்தது. கூட வேலை பார்த்த விஜி எடுத்து, யாரோ உங்க ஊர்க்காரங்க என்று கொடுத்தாள்.

"ஏட்டி, எஞ்சின அணை."

நம்பினால் நம்புங்கள், சூசை மாமா.

"அணை மக்கா. கூட்டம் சேருத நேரமாக்கும். சத்தம் கேட்டா கலைஞ்சிரும்."

மாமா என்றேன். லைன் போய்விட்டது. பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம், கை தானாகப் போய்க் கலக்கியின் சுவிட்சை அணைத்தது. குடுவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் சாய்வதற்குள் பொடி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய், தேன் மாதிரித் தெளிந்த மஞ்சள் தண்ணீர் நின்றது. லேசர் ஒளியை அடித்தேன். உருண்டை இல்லாவிட்டால் ஒளி கோடு காட்டாமல் போய்விடும். நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.

விஜியிடம் கேட்டேன். ஆம்பிளைக் குரல், நல்ல கட்டைக் குரல், பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது என்றாள். அவளுக்கு மாமாவைத் தெரியாது. ஆஸ்பத்திரியில் மாமாகூட இருந்த மாமிக்குப் போன் போட்டேன், விஷயத்தைச் சொல்லாமல் மாமா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன். காலையிலிருந்து காய்ச்சலில் தூங்குகிறார், நான் பக்கத்தைவிட்டு அசையவில்லை என்றாள்.

பிறகு அதேபோல் கலக்கியை அணைத்து வைத்துப் பல தடவை செய்து பார்த்தேன். சில தடவை கூடியது, பல தடவை கூடவில்லை, அன்றைக்கு வந்த மாதிரி ஒருதரமும் வரவில்லை. அறைச் சூடு காரணமாக இருக்கும் என்றார் கைடு. இருக்கலாம். திரிந்துபோனது ஏன் திரும்பக் கரைந்தது என்று நானும் எதையெதையோ படித்துப் பார்த்தேன். எனக்குப் பட்டம் கிடைத்தது, மருந்து இன்னும் எந்த நோயாளிக்கும் போய்ச் சேரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமா பிழைத்துக்கொண்டார். கதிர்வீச்சு எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு போய், அன்றைக்கு எனக்குப் போன் பண்ணினீர்களா என்று நேரடியாகவே கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கழுத்துத் துளையைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அடுக்களையில் மாமி சாளை மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பைத்தியமா என்று திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டேதான் முழுசும் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை.

"ஒன்னயும் விளிச்சாரா?" என்றாள்.

மாமியை எப்போது கூப்பிட்டார், என்ன சொன்னார் என்று அன்றைக்கும் கேட்டேன், அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். இப்போதும் அந்த வீட்டுக்குப் போனால் பார்க்கிறேன், போன் அடித்தால் மாமி உடனே எடுப்பதில்லை. மாமா எங்கே இருக்கிறார், தூங்குகிறாரா என்று முதலில் தேடுகிறாள். அவர் கண்ணெதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் எடுக்கிறாள்.