ஆள் செத்த வீடு வேண்டாம் என்று சொன்னது

இங்கிலாந்தில் இப்போது கட்டி விற்கிற வீடுகளை நினைத்தாலே எனக்குக் கொதிக்கிறது. படம் மாட்ட ஆணி அடித்தால் ஆணி சுவருக்குள் போய்விடுகிறது. பின்னால் வெறும் காற்று. கதவைத் தட்டினால் வெற்று அட்டைப்பெட்டியின் ஓசை. யன்னல் எட்டிப் பார்க்கப் போதும், வெளிச்சம் வரப் போதாது. பக்கத்து வீட்டுக்காரர் தாடி வழிக்கிற மெஷின் சத்தத்தில் என் பேத்தி விழித்து அழுகிறாள். மகள் முறையிட்டாள். எல்லாம் விதிப்படியே இருக்கிறது என்று கட்டியவர்கள் இரண்டு வரியில் பதில் போட்டார்கள். அந்த விதியை எழுதியவன் நிச்சயம் ஒரு பழைய வீட்டில்தான் குடியிருப்பான்.

ஆனால் மகளை அந்த வீட்டை வாங்க வைத்தவன் நான்.

மகள் டென்மார்க்கில் பிறந்தவள். வேலைக்காகக் கணவனோடு இங்கிலாந்துக்குப் போனாள். முதலில் அவள் பார்த்து வைத்தது நூறு வருடம் தாண்டிய சிவப்புக் கல் வீடு. நானும் போய்ப் பார்த்தேன். முழங்கை நீளத் தடிப்பில் சுவர். மீன் குழம்பு மணத்தை உள்ளேயே அடைத்து வைக்கக் கதவோடு தனிக் குசினி. பலகை நிலம் கிறீச்சிட்டது, ஒரு யன்னலால் குளிர் வந்தது, உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ பியானோ பழகுவதை வெளியே வந்த பிறகுதான் கேட்டேன்.

விற்க வந்த பெண், தன் தகப்பன் முன்னறையில்தான் காலமானார் என்று மறைக்காமல் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆள் செத்த வீட்டில நான் பால் காய்ச்ச வரமாட்டன்."

"அப்பா, நீங்கள் பௌதிகம் படிச்ச ஆள்."

"படிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"நூறு வருசமா ஆக்கள் இருந்த வீடு, மாமா," என்றான் மருமகன். "ஒருத்தரும் சாகாமல் இருக்க அது என்ன தேவலோகமோ?"

தாய்தகப்பன் முன்னின்று பால் காய்ச்சாமல் மகள் குடிபுகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் புது வீட்டை வாங்கினாள். அறைகள் பெரிதாகத் தெரிய வேண்டுமென்று மாதிரி வீட்டில் குட்டிக் கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள், அயோக்கியர்கள். குடிபுகுந்த அன்று பால் பொங்கி வழிந்ததும் கண்ணாடி அடுப்பு கீச்சிட்டுத் தானாக நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். நான் வாசலில் நின்று படம் எடுத்துச் சிநேகிதர்களுக்கு அனுப்பினேன்.

அந்தப் படத்துக்காகத்தான் எல்லாம். பழைய வீட்டைக் காட்டினால், பழசுதானே வாங்க முடிந்தது என்பார்கள். பேய்க்கு நான் பயந்தவனல்ல. டென்மார்க்கில், இஷொய் என்ற ஊரில் நாங்கள் முப்பது வருடமாக இருக்கும் இந்த மாடி வீட்டில், முன்பிருந்த கிழவி எங்கள் படுக்கையறையில்தான் இறந்தார். கதவுத் திறப்பைக் கையில் தந்த கட்டடப் பராமரிப்பாளர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவிக்கு அப்போது டேனிஷ் விளங்காது. "தண்ணிக் குழாயைப் பற்றிச் சொல்லுறார்," என்று மொழிபெயர்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் அழுதாள். வேலை, பிள்ளை, நித்திரையில்லை. படத்துக்காகத் தடுத்ததையும், இங்கே கிழவி இறந்ததையும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.



"அம்மா நிக்கிறாவா?"

"ஓம்."

"ஸ்பீக்கரில போடுங்கோ. அவவுக்கும் சொல்லுங்கோ."

சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிழவி போன அறையிலயோ இவ்வளவு காலமும் படுத்தனான்?"

"ஓம்."

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே. அப்ப பிள்ளையை ஏன் தடுத்தனீங்கள்?"

"ஆக்களுக்குப் படம் காட்ட," என்றேன்.

"இவரை அங்க கூப்பிடு, பிள்ளை. ஒரு மாசம் இருந்து பார்க்கட்டும்."

"கட்டில் போட இடமில்லையம்மா. நிலத்திலதான்."

"எனக்கு நிலமே போதும்," என்றேன்.

மகள் சிரிக்கவில்லை. "வந்து பிள்ளையைப் பாருங்கோ," என்றாள். "நான் நித்திரை கொள்ளவேணும்."