சிறுமுகைக்கு அப்பால் ஒரு படகும் பத்து மிதவைச் சட்டைகளும்

ஞாயிறு, காலை ஆறே முக்கால். கணபதிப் பகுதியின் பட்டறைச் சந்துகள் ஞாயிற்றுக்கிழமையும் முழுதாகத் தூங்குவதில்லை. ஏதோ ஒரு தகரக் கூரைக்கு அடியில் ஒரு லேத் முனகிக்கொண்டிருந்தது. பழனிசாமியின் பட்டறை வாசலில் டெம்போ நின்றது. போத்தனூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தேன். வீட்டில் இரண்டு ஞாயிறு சேர்ந்தாற்போல இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். எங்கே போகிறோம் என்பதை வண்டி ஏறிய பிறகு கேட்டுக்கொண்டால் போதும்.

பழனிசாமி மோட்டார் பம்பு செய்கிறவர். இந்த வருடம் முதல்முறையாக ஒரு படகு செய்திருந்தார். அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. அணை நிரம்பும் வருடங்களில் அந்த ஊருக்குப் போகும் சாலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். பிறகு பரிசல்தான். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதற்காக இரும்புத் தகட்டில் இருபதடிப் படகு ஒன்றைச் செய்து, போன வாரமே லாரியில் அனுப்பிவிட்டார். படகில் இருக்க வேண்டிய பொருள்கள் இன்று போகின்றன.

அவற்றை டெம்போவில் ஏற்றும்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொச்சியிலிருந்து வந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் பத்து. காற்றடைத்த லாரி ட்யூப்கள் இரண்டு. நைலான் கயிறு, ஒரு சின்ன நங்கூரம், எஞ்சின் நின்றுவிட்டால் வலிக்க இரண்டு துடுப்புகள். உள்ளே வரும் தண்ணீரை இறைக்க, சாய்வாக வெட்டிய எண்ணெய் டின். தீப்பிடித்தால் கொட்ட மணல் வாளி. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய டார்ச், ஒரு விசில், உயர்த்திக் காட்டச் சிவப்புத் துணி கட்டிய கம்பு. முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர் கேன், ஒரு ஸ்பார்க் பிளக், அதைக் கழற்ற ஸ்பேனர். துடுப்புகளை அகலமான கறுப்புப் பட்டைகள் பலவற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நல்ல பட்டை, நுனியில் பிளாஸ்டிக் கொக்கி வைத்தது.

"கடலுக்கே போகலாம் போலிருக்கிறதே" என்றேன்.

"கடலுக்குப் போறவனுக்குக் கடலத் தெரியுமுங்க. நமக்குத் தெரிஞ்சது கெணறுதான். அதனாலதான் இத்தனையும்" என்றார் பழனிசாமி.

எட்டு மணிக்கு அன்னூரில் டீ. ஒன்றரை ரூபாய். சத்தி சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் நிலத்தின் நிறம் மாறத் தொடங்கியது. சோளத்தட்டின் வெளிறல் குறைந்து, வாழையின் பச்சை ஏறியது. எதிரே நீலகிரி, அடிவாரம் இல்லாமல் மேகத்தின் மேல் வைத்தது போல. சிறுமுகையில் தறிச்சத்தம் கேட்டது. லிங்காபுரம் தாண்டி, ஒன்பதரைக்கு, தார்ச்சாலை தண்ணீருக்குள் போகும் இடத்தில் டெம்போ நின்றது. சாலையின் நடுக்கோடு சிறிது தூரம் நீருக்கடியிலும் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

படகு அங்கே கட்டியிருந்தது. நீலம் அடித்து, முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஓட்டப்போகிறவர் ரங்கசாமி, நேற்று வரை பரிசல் தள்ளியவர். படகின் பின்பக்கம் ஓர் இரும்புப் பெட்டி பற்றவைக்கப்பட்டிருந்தது. பழனிசாமி சட்டைகள், ட்யூப்கள், விசில், டார்ச் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, மூடி, பெரிய பூட்டொன்றைத் தொங்கவிட்டார். பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பட்டறைக்காரரின் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

பத்து மணிக்கு அக்கரைக்குப் புறப்பட்டோம். எஞ்சின் சத்தத்துக்குக் கொக்குகள் எழுந்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்தன. நீருக்கு மேலே பட்டமரங்களின் கிளைகள் மட்டும் நின்றன, மூழ்கியவர்கள் கையை நீட்டி அப்படியே மறந்துபோனது போல. ரங்கசாமி அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டினார். அடியில் புளியமரம் ஒன்று இருப்பதாகவும், அதன்மேல் மோதித்தான் போன வருடம் பரிசல் சாய்ந்ததாகவும் சொன்னார். சாதாரணமாகச் சொன்னார், ஒரு திருப்பத்தைக் காட்டுவது போல. கால் மணி நேரத்தில் கரை வந்தது.

கரையில் இருபது பேர் இருப்பார்கள். தேங்காய் உடைத்தார்கள். பழனிசாமியின் தங்கை மரகதம் மட்டும் படகுக்கு அருகே வரவில்லை. நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் அவள் மகள் கோமதி, ஒன்பதாம் வகுப்பு. உயர்நிலைப்பள்ளி சிறுமுகையில். போன வருடம் சாய்ந்த பரிசலில் கோமதி இருந்தாள். சடையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இந்த வருடம் தண்ணீர் ஏறியதிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்னும் சில வாரங்களில் அரைப்பரீட்சை. படகு சரிப்பட்டு வராவிட்டால் தீபாவளி கழித்து அவளைத் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக முடிவு. ஊரில் மற்ற பெண்பிள்ளைகளின் அம்மாக்களும் மரகதத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வா அம்மணி, பாரு. உனக்காகத்தான் செஞ்சது" என்றார் பழனிசாமி.

மரகதம் வந்தாள். படகைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள்.

"இது என்னத்துக்குங்கண்ணா பூட்டு?"

"தொறந்து வெச்சா மக்யா நாளே காணாமப் போயிரும். எங்க பட்டறைல சுத்தியலக்கூடச் சங்கிலி போட்டுத்தான் வெக்கிறது."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. ரங்கசாமிகிட்ட ஒண்ணு."

"படகு சாயறப்ப ரங்கசாமியண்ணன் பூட்டத் தொறப்பாருங்களா, நீந்துவாருங்களா?"

ரங்கசாமி சிரித்தார். "நான் சாவியத் தேடிக்கிட்டே முழுகிருவனுங்க."

பழனிசாமி சிரிக்கவில்லை. சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூட்டின் கனத்தில் பை தொங்கியது. பெட்டியிலிருந்து சட்டைகள் வெளியே வந்தன. ஆளுக்கொன்றாகப் பலகைமேல் விரித்தார். ட்யூப்களைக் கயிற்றால் கட்டி, சுருக்கு இழுத்தால் விழும்படி வெளிப்பக்கம் தொங்கவிட்டார். கைவேலை என்று வந்துவிட்டால் அவருக்குக் கோபம் தங்காது.

மரகதம் ஒரு சட்டையை எடுத்துக் கோமதிக்குப் போட்டு, முன்னால் கட்டிவிட்டாள். பிறகு மகளின் பின்னால் நின்று, சட்டையின் இரண்டு தோள்களையும் பிடித்து மேலே தூக்கினாள். சட்டை, பிள்ளையின் தலைவழியாகச் சுலபமாகக் கழன்று, ரிப்பனையும் கூட்டிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"தண்ணிக்குள்ள இப்பிடித்தானுங்கண்ணா ஆகும். சட்டை மெதக்கும். புள்ள கீழ போயிரும்."

பழனிசாமி சட்டையை வாங்கி, உள்பக்கம் அளவு அச்சடித்த துண்டுத்துணியைப் பார்த்தார்.

"வளர்ற புள்ளைங்கன்னு ஒரு சைஸ் கூடவே சொல்லிப்போட்டேன்" என்றார்.

"பள்ளிக்கூடத்துத் துணி அப்பிடித்தானுங்க எடுக்கறோம். நானும் அப்பிடித்தான் எடுத்திருப்பேன்" என்றாள் மரகதம். அதில் குத்தல் இல்லை. ஆனால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க விளிம்பில் காலி வளையம் ஒன்று இருந்தது. எதற்கு என்று கேட்டேன். பழனிசாமி சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"அதுல ஒரு பட்டை இருந்துதுங்க. காலுக்கு நடுவுல விட்டு முன்னால மாட்டறது. நாந்தான் கழட்டிப்போட்டேன்."

"ஏன்?"

"பாவாடை தாவணி கட்டற புள்ளைங்க. ஊர் பாக்க அப்பிடி மாட்டிக்கிட்டு உக்காந்தா நல்லாவாங்க இருக்கும்?"

துடுப்புகளைக் கட்டியிருந்த கறுப்புப் பட்டைகள் எவை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். தண்ணீர் ஓரத்தில் தாழ்ந்த குரலும் தூரம் போகிறது.

கோமதி சொன்னாள்: "நான் மாட்டிக்கறனுங்க மாமா."

"நீ சும்மா இரு" என்றாள் மரகதம்.

"அக்கட்ட எறங்குனதும் கழட்டிப்போடறேன்மா."

"எறங்குற வரைக்கும் எத்தன கண்ணு பாக்கும்? இக்கட்ட இருக்கறவனுக, அக்கட்ட டீக்கடைல இருக்கறவனுக."

"எனக்கு மாட்டுங்க" என்றார் ரங்கசாமி. "வேட்டி காத்துல பறக்காம இருக்கும்."

இப்போது சிலர் சிரித்தார்கள். மரகதம் துடுப்புகளிலிருந்து பட்டைகளை அவிழ்த்து, ஒன்றை மட்டும் சுருட்டிக்கொண்டாள். ஒரு சட்டையையும் எடுத்துக்கொண்டாள். "காலைல சொல்றனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மகளோடு நடந்தாள். நாங்கள் இருவரும் மதியம் அவள் வீட்டில்தான் சாப்பிட்டோம், அரிசிப் பருப்புச் சாதம், நெய் தாராளமாக. படகைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை. மாலையில் மழை பிடித்து, இரவும் எங்களை அங்கேயே நிறுத்திவிட்டது. மலை முதலில் மறைந்தது, பிறகு எதிர்க்கரை, பிறகு தண்ணீர்.

திங்கள், காலை ஏழேகால். மழை விட்டிருந்தது. படகுத்துறையில் ஆறு பெண்பிள்ளைகள் புத்தகப்பையோடு நின்றார்கள். பழனிசாமி மீதிச் சட்டைகளுக்கெல்லாம் பட்டையை மறுபடி கோத்து முடித்திருந்தார். பிள்ளைகள் அவற்றைத் தொடாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வேப்பங்குச்சியோடு கரையில் குந்தியிருந்தார்கள். எந்த ஊரிலும் அந்த நேரத்தில் ஆண்களுக்குக் கண் மட்டும்தான் வேலை செய்கிறது.

மரகதம் வந்தாள். நாற்று நடப் போகிறவளைப் போலச் சேலையைத் தூக்கித் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். மேலே ஆரஞ்சுச் சட்டை. கறுப்புப் பட்டை காலிடையே வந்து, இடுப்புக்கு முன்னால் கொக்கியில் இறுக்கமாக மாட்டியிருந்தது. கோமதி இரண்டடி பின்னால் வந்தாள், தலையைக் குனிந்துகொண்டு.

குந்தியிருந்தவர்களில் ஒருவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "என்னுங் மரகதம், மல்லுக்கட்டப் போறீங்களா?"

"ஆமாங் கொழுந்தனாரே. நீங்களும் வாரதுன்னா வாங்க, நடுத்தண்ணில பாத்துக்கலாம்."

அவர் குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

மரகதம் துறையின் விளிம்பில் திரும்பி நின்றாள். "இழுத்துப் பாரு கண்ணு."

கோமதி அம்மாவின் தோளருகே சட்டையைப் பிடித்து மேலே இழுத்தாள். மரகதத்தின் குதிகால்கள் மண்ணிலிருந்து எழும்பின. சட்டை வரவில்லை. மறுபடி இழுக்கச் சொன்னாள். மூன்றாம் முறை பழனிசாமியை இழுக்கச் சொன்னாள். அவர் தயங்கி, இரண்டு கையாலும் பிடித்து, தன் பலம் முழுவதும் போட்டு இழுத்தார். தங்கை தரையை விட்டு எழுந்தாள்; சட்டைக்குள்ளேயே இருந்தாள்.

பிறகு கோமதிக்கு அவளே மாட்டிவிட்டாள். பாவாடையை எப்படி மடித்துச் செருக வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொருத்தியாகக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. உடுத்துவது முடிந்த பிறகு, எவளோ ஒருத்தி விசிலை எடுத்து ஊதினாள். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்களோடு நாங்கள் இருவரும் ஏறினோம். நீரைக் கடந்த அந்தக் கால் மணி நேரமும் மரகதம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு கை படகின் விளிம்பில், மறு கை மகளின் சட்டைப் பட்டையில். புளியமரத்தைச் சுற்றி ரங்கசாமி வளைத்தபோது படகு லேசாகச் சாய்ந்து, எல்லார் மேலும் தண்ணீர் தெறித்தது. அவள் உதடு அசைந்தது. அடித்தகடு தார்ச்சாலையில் உரசிய சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் ரெண்டு நாளைக்கு நானும் வாரேனுங்கண்ணா" என்றாள் பழனிசாமியிடம். "அப்புறம் அவளே போயிக்குவா."

திரும்பும் படகில் ரங்கசாமியோடு அவள் ஒருத்திதான். பட்டையைக் கழற்றவில்லை.

பிள்ளைகளைச் சட்டைகளோடு பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, பழனிசாமி டெம்போவோடு சிறுமுகையில் படகுக்குப் பெட்ரோல் கேன் வாங்க நின்றுவிட்டார். நான் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நின்றேன். டிக்கெட் இரண்டு ரூபாய். போத்தனூரில் என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு தெரு. என் மகள் தினமும் அங்கே போய் வருகிறாள். அதை ஒரு பயணம் என்று நான் எண்ணியதே இல்லை. ஊர் ஊராக அலைந்து எழுதுகிறவன், வாசற்படியில் தொடங்குவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பஸ் உயர்நிலைப்பள்ளியைத் தாண்டும்போது மணி ஒன்பதரை. பிரார்த்தனை முடிந்து மைதானம் காலியாக இருந்தது. நனைந்த மதில்சுவரின் மேல் ஏழு ஆரஞ்சுச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. காவலுக்கு யாரும் இல்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கறுப்புப் பட்டை சாலைப் பக்கமாகத் தொங்கி, போகிற வருகிற எல்லாருடைய கண்ணிலும் பட்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.